கூரை நீரும் பள்ளிக் குடிநீரும்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிகளில் மழைநீரைச் சேமித்துக் குடிநீராகப் பயன்படுத்துவது குறித்து வந்த கடிதங்களுக்கு இம்மாதம் முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எங்கள் தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் படிக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. கூட்டுக் குடிநீர் நாள்தோறும் வருவதில்லை. மற்ற நாள்களில் கேன் தண்ணீர் வாங்குகிறோம். 80 சதுர மீட்டர் கான்கிரீட் கூரை இருக்கிறது. மழைநீரை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் சமாளிக்க முடியுமா?
– தலைமையாசிரியை, கமுதி வட்டம்

குடிப்பதற்கு மட்டும் என்றால் முடியும். சத்துணவுச் சமையலையும் சேர்த்தால் தொட்டியைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். கழிப்பறைக்கும் தட்டுக் கழுவுவதற்கும் இதே நீரை எடுத்தால் பொங்கலுக்கு முன்பே தொட்டி காலியாகிவிடும். அதற்கெல்லாம் உங்கள் உப்பு நீரே போதும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். கான்கிரீட் கூரை கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் தெறித்துப் போகும், கொஞ்சம் ஆவியாகும். ஆகவே 100 லிட்டருக்கு 80 லிட்டர் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ.; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த மூன்று மாதங்களில் 500 மி.மீ. பெய்தால் உங்கள் கூரையிலிருந்து 32,000 லிட்டர் இறங்கும். மழை பொய்த்துப் பாதிதான் பெய்தது என்றாலும் 16,000 லிட்டர் வரும்.

இனிச் செலவு. ஒரு குழந்தைக்குப் பள்ளி நேரத்தில் 2 லிட்டர் என்று தாராளமாகவே வைத்தால் நாளொன்றுக்கு 120 லிட்டர், அதாவது ஆறு கேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஏறத்தாழ 80 பள்ளி நாள்கள் என்றால் 9,600 லிட்டர். எனவே டிசம்பர் இறுதியில் 10,000 லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பியிருந்தால் தேர்வு முடியும்வரை கவலையில்லை. மோசமான ஆண்டிலும் உங்கள் கூரை அந்தத் தொட்டியை ஒன்றரை முறை நிரப்பும். இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் கூரையும் மழையும் போதாமல் திட்டம் தோற்பதில்லை. தொட்டி சிறிதாக இருப்பதாலும், அதைக் கவனிக்க ஆளில்லாததாலும்தான் தோற்கிறது. 1,000 லிட்டர் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்துவிட்டு மழைநீர் சேமிப்பு என்று பெயரெழுதியிருக்கும் பள்ளிகளில், அந்த நீர் ஒன்பதாம் நாளைத் தாண்டாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் உங்களுக்குச் சிக்கல். இதற்கும் கிட்டத்தட்ட அதே 9,600 லிட்டர் வேண்டும். ஆனால் தென்மேற்குப் பருவம் உங்கள் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே கைகொடுக்கக் கூடியது கோடை மழை. ஏப்ரல், மே மாதங்களில் 100 மி.மீ. பெய்தாலும் 6,400 லிட்டர் சேரும். அந்த மழை பெரும்பாலான பள்ளிகளில் வீணாகிறது, ஏனென்றால் அப்போது விடுமுறை. குழாயின் அடைப்பானைத் திருப்ப ஆளிருக்காது. விடுமுறையில் அதைப் பார்த்துக்கொள்ளச் சத்துணவு உதவியாளரையோ பள்ளிக்கு எதிர்வீட்டுக்காரரையோ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வசதியிருந்தால் 20,000 லிட்டர் தொட்டி ஒன்றைக் கட்டுவதைவிட 10,000 லிட்டர் தொட்டிகள் இரண்டு கட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். ஒன்றைக் கழுவும்போது மற்றொன்றில் நீர் இருக்கும். ஒன்றில் எலியோ பல்லியோ விழுந்துவிட்டாலும் அந்த ஆண்டின் சேமிப்பு முழுவதும் போய்விடாது. இரண்டரை மீட்டர் விட்டமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள வட்டத் தொட்டியில் ஏறத்தாழ 10,000 லிட்டர் பிடிக்கும். கோழிவலையும் கம்பியும் வைத்து சிமெண்ட் பூசிக் கட்டும் ஃபெரோசிமெண்ட் முறையில் செங்கல் தொட்டியைவிடச் செலவு குறையும். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடிப்பதுதான் சிரமம். பூச்சு வேலை முடிந்ததும் பல நாள்கள் நீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் கோடையிலேயே வெடிப்பு விடும்.

எங்கள் பள்ளியில் 2003-ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பு அமைத்துவிட்டார்கள். ஆனாலும் கிணற்று நீர் அதே உப்புத்தான். திட்டமே வீண் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள்.
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், திருவாடானை வட்டம்

உங்கள் பள்ளியில் இருப்பது நிலத்தடி நீரைச் செறிவூட்டும் குழி; குடிநீரைச் சேமிக்கும் தொட்டி அன்று. 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, பெரும்பாலான இடங்களில் கூரை நீரைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழிக்குள் விட்டு மண்ணுக்குள் இறக்கினார்கள். சென்னையின் மணற்பாங்கான கடற்கரைப் பகுதிகளில் அதற்கு நல்ல பலன் இருந்தது. கரிசல் மண்ணும் களிமண்ணும் உள்ள இடத்தில் நீர் இறங்குவதற்கே நேரமாகும். இறங்கினாலும் கீழே ஏற்கெனவே இருக்கும் உப்பு நீரோடு கலந்து உப்பாகவே மேலே வரும். நல்ல நீரைக் கொண்டுபோய் உப்பு நீரில் கொட்டிவிட்டு மோட்டார் போட்டு மறுபடியும் எடுப்பதில் குழந்தைகளுக்கு என்ன பயன்?

அதற்காகக் குழியை மூடிவிட வேண்டாம். கூரைக் குழாயை முதலில் தொட்டிக்குத் திருப்புங்கள். தொட்டி நிரம்பி வழியும் நீர் குழிக்குப் போகட்டும். தூர்ந்துபோன குழியின் மணலை அள்ளிக் கழுவிப் போட்டால் அது மீண்டும் நீரை உறிஞ்சும். உங்கள் ஊரில் பழைய ஊருணி இருந்தால் அதையும் மறந்துவிடாதீர்கள். இந்த மாவட்டத்து மக்கள் நூற்றாண்டுகளாகக் குடித்தது நிலத்தடி நீரை அன்று, மழையில் நிரம்பிய ஊருணி நீரைத்தான்.

தொட்டிக்கு முன்னால் முதல் மழைநீரை வெளியேற்ற ஒரு மீட்டர் நீளக் குழாய் பொருத்தியிருக்கிறோம். அப்படியும் நீரில் வாடை வருகிறது; பழுப்பு நிறமாகவும் இருக்கிறது. கூரையில் மயில்கள் வந்து உட்காருகின்றன.
– ஆசிரியர், விளாத்திகுளம் வட்டம்

மயில்கள் அங்கேயேதான் இருக்கும். மாற்ற வேண்டியது குழாயை. கூரையில் படிந்த தூசியும் எச்சமும் சருகும் கழுவப்பட, குறைந்தது முதல் 1 மி.மீ. மழையை வெளியே விட வேண்டும். மயிலும் குரங்கும் புழங்கும் கூரையில் 2 மி.மீ. விட்டாலும் மிகையில்லை. 80 சதுர மீட்டர் கூரைக்கு 1 மி.மீ. என்பது 80 லிட்டர். நான்கு அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்தில் எட்டு அல்லது ஒன்பது லிட்டர்தான் பிடிக்கும். அதாவது வெளியேற வேண்டிய அழுக்கு நீரில் பத்தில் ஒரு பங்கைத்தான் அது பிடிக்கிறது; மிச்சம் அப்படியே தொட்டிக்குள் போகிறது. கடையில் விற்கும் தயார்ப் பொருள்களிலும் இந்தக் குறை உண்டு. வீட்டுக் கூரையின் ஒரு மூலைக்கென்று செய்ததைப் பள்ளிக் கட்டடத்துக்கு மாட்டிவிடுகிறார்கள்.

200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை வைத்து முதல் நீர் அதில் நிரம்பிய பிறகே தொட்டிக்குப் போகும்படி குழாயை இணையுங்கள். பீப்பாயின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகும் சிறு துளை இருந்தால் அடுத்த மழைக்குள் அது தானே காலியாகிவிடும். யாரும் நினைவு வைத்துத் திறக்க வேண்டியதில்லை. துளை அடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். சில நாள்கள் இடைவெளிவிட்டுப் பெய்யும் ஒவ்வொரு மழையையும் முதல் மழையாகவே கருத வேண்டும். கூரையின் மேல் சாய்ந்திருக்கும் வேப்ப மரக் கிளையைக் கழித்துவிடுங்கள். பழுப்பு நிறம் பெரும்பாலும் ஊறிய சருகிலிருந்து வருவது.

தொட்டியில் மாதக்கணக்கில் நிற்கும் நீரில் புழு வைக்காதா? கிருமி நீக்க எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்?
– இதே கேள்வியை ஐவர் கேட்டிருக்கிறார்கள்

வெளிச்சமும் கொசுவும் உள்ளே போக முடியாத தொட்டியில் புழு வைக்காது; பாசியும் பிடிக்காது. உள்ளே வரும் குழாய், வழிந்தோடும் குழாய், காற்றுப் போக்கி என்று எல்லா வாயிலும் கொசுவலை கட்ட வேண்டும். வழிந்தோடும் குழாயை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு வழி போதும். அடியில் வண்டல் தங்குவதால் நீர் எடுக்கும் குழாயைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைக்க வேண்டும். வாளி விட்டு மொள்ளவே கூடாது. மழைநீரைக் கெடுப்பதில் கூரையைவிட வாளிக்கும் கைக்கும் பங்கு அதிகம்.

பிளீச்சிங் பவுடரைப் பெரிய தொட்டியில் மொத்தமாகக் கொட்டுவதில் பயனில்லை. குளோரின் சில நாள்களில் பறந்துவிடும், நீரோ நான்கு மாதம் இருக்க வேண்டும். அன்றாடம் தேவையான நீரைத் தனியே ஒரு சிறு தொட்டிக்கு எடுத்து, அதில்தான் மருந்து கலக்க வேண்டும். எளிய முறை ஒன்று இருக்கிறது. 40 கிராம் பவுடரைக் கொஞ்சம் நீரில் குழைத்து, பிறகு 1 லிட்டராக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் நிறமுள்ள பாட்டிலில் ஊற்றி மூடி வையுங்கள். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் இது 1 சதவீதக் கரைசல். 10 லிட்டர் நீருக்கு 1 மில்லிலிட்டர் வீதம், 200 லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் சேர்த்துக் கலக்கி ஒரு மணி நேரம் விட்டுவிட்டுக் குடிக்கலாம். காலையில் பள்ளி தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கரைசலை வாரம் ஒருமுறை புதிதாகத் தயாரிக்க வேண்டும். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். பவுடர் பழையதாக இருந்தால் வீரியம் குறைந்திருக்கும். அதனால் எஞ்சிய குளோரினைக் காட்டும் சிறு சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணயம் 10500 குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க, நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால் மாசு இருந்தால் கறுத்துவிடும் சோதனைக் குப்பிகள் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் அதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். குப்பி கறுத்துவிட்டால் உடனே தொட்டியைக் காலி செய்துவிட வேண்டாம். கொதிக்க வைத்தோ குளோரின் கலந்தோ அந்த நீரைக் குடித்துக்கொண்டே, அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கூரை முதல் குழாய் வரை தேடுங்கள்.

உலகில் எங்குமே மழைநீர் குடிக்கத் தகுதியற்றது என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. உண்மையா?
– பெற்றோர் ஒருவர், வேதாரண்யம்

செய்தியின் மூலம் உண்மையானது. அதிலிருந்து எடுத்த முடிவுதான் அவசரமானது. 2022 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஒட்டாத பாத்திரப் பூச்சு, தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்பட்டு, இயற்கையில் எளிதில் அழியாத பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள்கள் உலகெங்கும் மழைநீரில் காணப்படுவதாக எழுதினார்கள். அவர்கள் ஒப்பிட்டது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதே ஆண்டு ஜூனில் வெளியிட்ட ஆலோசனை அளவோடு. அது ஆய்வுக்கூடக் கருவிகளால் அளக்கவே முடியாத அளவுக்குச் சிறிய எண். 2024-இல் அதே முகமை சட்டப்படியான வரம்பாக வைத்தது அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய எண்ணை. அதுவும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

ஆற்று நீரும் ஏரி நீரும் கேன் நீரும் மழையிலிருந்து வந்தவைதாம். உங்கள் குழந்தைக்கு இன்று இருக்கும் மாற்று உப்புக் கிணறு அல்லது எங்கிருந்தோ நிரப்பி வரும் கேன் என்றால், மூடிய தொட்டியில் இருக்கும் மழைநீரைப் பயமின்றிக் கொடுக்கலாம். செங்கல் சூளையோ பூச்சிமருந்து தெளிக்கும் வயலோ பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்தால், அதைப் பற்றிக் கவலைப்படுவதில் கூடுதல் நியாயம் உண்டு.

எங்கள் பகுதியில் ஃப்ளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் போகுமா? மழைநீரைக் கிணற்று நீரோடு கலந்து கொடுக்கலாமா?
– அங்கன்வாடிப் பணியாளர், தருமபுரி மாவட்டம்

கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகும். ஃப்ளோரைடு அதிலேயே தங்கி அடர்த்தி கூடும். ஆகவே கொதிக்க வைப்பது இதற்கு மருந்தன்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததே இந்த ஃப்ளோரைடுப் பாதிப்பைத் தணிப்பதற்காகத்தான். அந்த நீர் முறையாக வரும் ஊரில் அதையே குடிக்கலாம்.

வராத ஊரில் மழைநீர் மிக நல்ல மாற்று, ஏனென்றால் அதில் ஃப்ளோரைடு ஏறத்தாழ இல்லை. கலந்து கொடுப்பதை நான் விரும்புவதில்லை. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரோடு சரிபாதி மழைநீர் கலந்தால் 1.5 ஆகும் என்பது கணக்கில் சரி. வேறு நீர் இல்லாதபோது தரநிர்ணயம் பொறுத்துக்கொள்ளும் மேல் வரம்பும் அதுதான். ஆனால் அளந்து கலக்கும் பொறுமை எல்லா நாளும் இருக்காது. நீர் குறைவாக இருந்தால் முழு மழைநீரை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது நல்லது. ஃப்ளோரைடு முதலில் கெடுப்பது பற்களின் எனாமலை; நிலைப் பற்களில் அது உருவாவது பெரும்பாலும் எட்டு வயதுக்குள். ஆகவே உங்கள் அங்கன்வாடிக்கும் முதல் மூன்று வகுப்புகளுக்கும்தான் முன்னுரிமை. மேல்நிலைப் பள்ளியில் தொடங்கிக் கீழே வருவது தலைகீழ் வரிசை. சமையலுக்கும் மழைநீரையே எடுங்கள். அந்தச் சோற்றையும் சாம்பாரையும் குழந்தைகள் நாள்தோறும் உண்கிறார்கள். துவரம்பருப்பு சீக்கிரம் வேகும் என்பதைச் சமையல் அம்மாவே முதல் நாள் கண்டுபிடித்துவிடுவார்.

வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மறுக்க மனமில்லை.
– தலைமையாசிரியர், முதுகுளத்தூர் வட்டம்

மறுக்க வேண்டாம், தொட்டி கட்டித் தரும்படி கேளுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் உப்பு நீரில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சவ்வை மாற்றும் செலவை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் யார் தருவார் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அது விரைவில் பூட்டிய அறையில் கிடக்கும். எடுக்கும் நீரில் பெரும்பகுதியை அது கழிவாக வெளியேற்றவும் செய்யும். மழைநீரில் கரைந்துள்ள உப்பு மிகக் குறைவு என்பதால் அதற்கு ஆர்.ஓ. தேவையே இல்லை.

கல்நார் தகட்டுக் கூரையிலிருந்து பிடிக்கலாமா? ஓட்டுக் கூரை?
– சத்துணவு அமைப்பாளர், கோவில்பட்டி

ஓட்டுக் கூரையில் பிடிக்கலாம். பாசியைக் கோடையில் துடைப்பத்தால் தேய்த்துவிட வேண்டும். கல்நார் தகடு பழையதாகி உதிரத் தொடங்கியிருந்தால் வேண்டாம். அதைத் தேய்த்துக் கழுவ யாரையும் ஏற்றவும் வேண்டாம். மூச்சோடு உள்ளே போகும் இழைதான் அதில் பெரும் ஆபத்து. ஈய வண்ணம் பூசிய தகரத்தையும் தவிர்க்கவும்.

எங்கட பாடசாலை வவுனியாவில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் சவர். சிறுநீரக நோய் பற்றிய பயமும் பெற்றோருக்கு உண்டு. பவுசரில் (தண்ணீர் லாரியில்) வரும் தண்ணீரை நம்பி இருக்கிறோம். மழைநீர்த் தாங்கி அமைத்தால் போதுமா?
– உப அதிபர், வவுனியா

இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்து பரவலாகக் காணப்படும் அந்தச் சிறுநீரக நோய்க்கு இதுதான் ஒரே காரணம் என்று அறிவியல் அறுதியிடவில்லை; நீரின் கடினத்தன்மை, ஃப்ளோரைடு, வேளாண் இரசாயனம், கடும் வெயிலில் நீரிழப்பு எனப் பலவும் பேசப்படுகின்றன. காரணம் எதுவாயினும் கிணற்று நீருக்குப் பதில் மழைநீரைக் குடிப்பதால் அவற்றில் பலவற்றை ஒருசேரத் தவிர்க்கலாம் என்பதால், அங்கே பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் தாங்கி அமைப்பதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் நாட்டுக்கு இதில் நல்ல அனுபவமும் உண்டு. 1990-களில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5,000 லிட்டர் கொள்ளும் பூசணி வடிவத் தாங்கிகள் வீடுகளுக்குக் கட்டப்பட்டன. 2005-இல் மழைநீருக்கென்றே தேசியக் கொள்கையும் வந்தது. ஆனால் வீட்டுக்கான அளவு பாடசாலைக்குப் போதாது. 200 பிள்ளைகளுக்கு நாளுக்கு 400 லிட்டர் என்றால் 5,000 லிட்டர் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். உங்கள் மாரி மழை ஜனவரியோடு ஓய்கிறது. சித்திரையில் இடையிடையே பெய்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடும் வறட்சி. அந்தக் காலத்துக்கென்று ஒரு தாங்கியைத் தனியே பூட்டி வைத்து, மற்றதை இப்போது பயன்படுத்துங்கள். அது தீர்ந்த பிறகுதான் பவுசரை அழைக்க வேண்டியிருக்கும்.

தொட்டியை யார் கழுவுவது? பணம் எங்கிருந்து வரும்? மாணவர்களைக் கூரையில் ஏற்றலாமா?
– பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, சாயல்குடி

மாணவர்களைக் கூரையில் ஏற்றவே கூடாது. தொட்டிக்குள் இறக்கவும் கூடாது. மூடிய தொட்டியில் காற்று கெட்டிருக்கலாம் என்பதால், பெரியவர்களும் மூடியைத் திறந்து நெடுநேரம் விட்டு, வெளியே ஒருவரை நிறுத்திக்கொண்டுதான் இறங்க வேண்டும். மூடிக்குப் பூட்டு அவசியம்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியத்தில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைப் பணிக்குச் செலவிட விதி இருக்கிறது. கூரை கழுவவும் வலை மாற்றவும் பவுடர் வாங்கவும் அது போதும். தொட்டி கட்டுவதற்கு ஊராட்சி நிதியையோ, 2022-இல் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ வழியாக நன்கொடையையோ நாடலாம். பாதுகாப்பான, போதிய குடிநீர் பள்ளியில் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்வதால், தொட்டிக்கு நிதி கேட்டு எழுதும்போது அதையும் குறிப்பிடுங்கள். குழுவின் செப்டம்பர்க் கூட்டத்தில், கூரையைக் கழுவும் தேதியையும் அதைச் செய்பவரின் பெயரையும் கூலியையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும்.